விரல் நீட்டிப் படகு பார்ப்பவர்

கடல் நாள் முழுக்க ஆடித் தீர்த்து அடங்கியதும் படகுத்துறையில் ஒரு தினுசு மனிதர் தலைகாட்டுவார். அவரைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். வெள்ளைக் கையுறை, மடிப்புக் கலையாத தொப்பி, இடுப்புயரத்தில் தாங்கிய அட்டை, அட்டையில் கிளிப் போட்ட பட்டியல், பட்டியலோடு நூலில் கட்டிய பென்சில், இவ்வளவும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அவர்தான். கையில் ஸ்பேனர் இருக்காது. கரித்துணி இருக்காது. முழங்காலில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. அலையில் அடிபட்டு வந்த படகை இவர் மூலைக்கு மூலை சோதிப்பார்; சோதித்து முடித்தபின் அந்தப் படகைப் பற்றி இவருக்குத் தெரிந்தது, சோதிக்குமுன் தெரிந்ததைவிடக் கடுகளவும் கூடியிருக்காது. ஆனால் மனசு நிறைந்திருக்கும்.

இந்த இனம் எல்லாக் கரையிலும் உண்டு. ஆனாலும் கென்காய் கடலோரத்தில், எங்கள் துறையில் விளைவது தனி ரகம். எங்கள் ரயில்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். சிக்னலைக் கண்டால் கையை நீட்டி, விரலால் சுட்டி, 'சிக்னல், சரி' என்று வாய்விட்டுச் சொல்வார்கள். கண் பார்த்ததைக் கை காட்டி, கை காட்டியதை வாய் சொல்லி, வாய் சொன்னதைக் காது கேட்டுவிட்டால் தப்பு நடக்காது என்பது கணக்கு. நல்ல கணக்குதான். அதில் கஷ்டமான பகுதி ஒன்றே ஒன்று, முதலில் கண் பார்க்க வேண்டும். நம் ஆசாமி அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதி மூன்றையும் அட்சரம் பிசகாமல் செய்வார்.

எங்கள் துறையில் இந்த இனத்துக்குப் பெயர் குரோகி ஷுன்சாகு. முப்பத்தொரு வருஷம் ரயில் கம்பெனி ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். ரயில் ஓட்டினாரா என்று கேட்காதீர்கள். ஓட்டுகிறவர்களுக்கு எப்படிக் கை நீட்ட வேண்டும் என்று வகுப்பு எடுத்தார். முழங்கை மடங்கக் கூடாது, சுண்டுவிரல் தளரக் கூடாது, குரல் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். இதையெல்லாம் மஞ்சள் அட்டை போட்ட ஒரு சிறு கையேடாகவும் எழுதி, கம்பெனி செலவில் அச்சடித்து, ஓய்வு பெறும்போது மீந்துபோன இருநூறு பிரதிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறகு இருபத்தாறு அடி நீளத்தில் பாய்மரப் படகு ஒன்று வாங்கினார். பெயர் 'யூனாகி'. அந்திப் பொழுதில் காற்று அடங்கிக் கிடக்கும் அமைதி என்று அர்த்தம். அந்தப் படகுக்குள் ஒரு வாரம் வசிக்கலாம், சமைக்கலாம், தூங்கலாம். அவருடைய மனைவி கிக்குயோ அதில் சமைத்தார். தூக்கம்தான் வந்ததில்லை.

கரடுமுரடான கடலிலிருந்து திரும்பினால் யூனாகிக்கு நூற்றெட்டு அம்சச் சோதனை உண்டு. புத்தாண்டு இரவில் கோயில் மணியை நூற்றெட்டு முறை அடிப்பது மனிதனுடைய நூற்றெட்டு மயக்கங்களும் விலகட்டும் என்பதற்காக. குரோகியின் நூற்றெட்டு வேறு வகை. ஒவ்வொரு டிக்குக்கும் அவருக்கு ஒரு மயக்கம் கூடிக்கொண்டே போகும்.

அந்த வியாழக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் இகித் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். நடுவழியில் வடமேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. ஐந்து மணி நேரம். அலை படகை மேலே தூக்கும், அப்புறம் கீழே அலை இல்லாத இடத்தில் போட்டுவிடும். குரோகி வெளியே சுக்கானைப் பிடித்துக்கொண்டு அலைகளைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். கிக்குயோ உள்ளே, சாமான்கள் பறக்காமல் முதுகால் அலமாரிக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அது வந்தது. படகு ஒவ்வொரு முறை விழும்போதும், கால்மாட்டில் தரைப்பலகைக்குக் கீழே ஒரு 'டொக்'. விழுந்த சத்தம் அடங்கி ஒரு கணம் கழித்து, யாரோ அடியிலிருந்து கட்டையால் தட்டுகிற மாதிரி. காதைவிட உள்ளங்காலுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. ஏழு வருஷமாக அந்தப் பலகைமேல் நின்று சோறு வடித்த கால்கள் அவை; அவற்றுக்குப் படகின் எல்லாச் சத்தமும் பாடம். இது புதுசு.

அந்தப் பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாய்மரப் படகு காற்றுக்குச் சாய்ந்து கவிழ்ந்துவிடாமல் இருக்க, அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு டன் இரும்பு தொங்கும். அந்த இரும்பைப் படகோடு பிடித்திருப்பது ஏழு போல்ட். அவ்வளவுதான். அந்த ஏழும் தரைப்பலகைக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளத்தில் இருக்கின்றன. இரும்பு கழன்றால் படகு என்ன ஆகும் என்பதற்குப் பட்டியல் தேவையில்லை.

கரை சேர்ந்ததும் கிக்குயோ சத்தத்தைப் பற்றிச் சொன்னார். குரோகி தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறிவிட்டு, நாளைக்குச் சோதனை இருக்கிறதே, ஏதாவது இருந்தால் அதில் வந்துவிடும் என்றார். அவர் குளிக்கும்போது கிக்குயோ மறுபடி சொன்னார். சாப்பிடும்போது மறுபடி.

"பட்டியல்ல சத்தம்னு ஒரு வரி இல்ல, கிக்குயோ" என்றார் குரோகி. "சத்தம்ங்கிறது ஒரு பொருள் இல்லையே. எதை நோக்கிக் கையை நீட்டுறது?"

கிக்குயோ பாத்திரம் கழுவப் போய்விட்டார். ஆனால் விஷயத்தை அத்தோடு விட முடியாது. காரணம், சனிக்கிழமை. எங்கள் பஞ்சாங்கத்தில் நாளுக்கு ஒரு மிருகம் உண்டு, சனிக்கிழமை நாய் நாள். மகள் சிஹாருவுக்கு ஐந்தாம் மாதம். எங்கள் பக்கத்தில் ஐந்தாம் மாதத்து நாய் நாளில் கோயிலுக்குப் போய் வயிற்றில் பட்டை கட்டிக்கொண்டால், நாய் குட்டி போடுவதுபோல் சுலபமாகப் பிரசவம் ஆகும் என்று நம்பிக்கை. கோயில் இருப்பது எதிர்த் தீவில். எட்டுப் பத்துக்கு அரசாங்க ஃபெர்ரி போகிறது, இருபது நிமிஷம். ஆனால் சம்பந்தியம்மா முதல்முறையாக வருகிறார், அவரை ஃபெர்ரியிலா கூட்டிப்போவது? யூனாகியில்தான் போக வேண்டும் என்று குரோகி முடிவு செய்து ஒரு மாதமாகிறது. மகள், மகள் வயிற்றில் ஒன்று, சம்பந்தியம்மா. அவர்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை சோதனை தொடங்கியது. பார்க்கக் கண் கோடி வேண்டும். குரோகி பாய்மரத்தின் முன் குதிகால் சேர்த்து நின்றார், கை அம்புபோல் நீண்டது, "பாய்மரம், சரி" என்ற குரலில் தூண்மேல் இருந்த கடற்காகங்கள் எழும்பிப் பறந்தன. டிக். "கொடி, சரி." கொடி பாதி கிழிந்து போயிருந்தது, பாதி இருந்தது, அந்தப் பாதிக்கு டிக். "நங்கூரம், சரி." "உயிர்காப்பு வளையம், சரி." அவர் விரல் நீட்டிய இடத்தில் வெறும் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. வளையம் முந்தின நாளே கடலோடு போய்விட்டது.

"வளையமே இல்லைங்க" என்றார் கிக்குயோ.

குரோகி கையை இறக்காமலே பார்த்தார். அவர் உண்மையாகவே பார்த்தது அன்றைக்கு அதுதான் முதல்முறை. கொக்கி உறுதியாக இருக்கிறது என்று சொல்லி, டிக்கை அழிக்காமல் அடுத்த வரிக்குப் போனார். போட்ட டிக்கை அழித்தால் அடுத்த அம்சங்களின் எண் குழம்பிவிடும் என்பது அவர் கொள்கை.

அறுபத்தொன்றாவது அம்சம் தரைப்பலகை. அறுபத்திரண்டு, போல்ட் ஏழு. கிக்குயோ இதற்காகத்தான் கூடவே நடந்துகொண்டிருந்தார். குரோகி படகின் உள்ளே குனிந்து இறங்கி, மூடிக் கிடந்த பலகையை நோக்கிக் கை நீட்டினார். "தரைப்பலகை, சரி." டிக். கை அசையவில்லை, விரல் அதே இடத்தில் நிற்க, "போல்ட் ஏழு, சரி." டிக். ஏழு போல்ட்டும் பலகைக்குக் கீழே இருட்டில் இருந்தன. கண் போக முடியாத இடத்துக்கு விரல் போய்விட்டு வந்தது.

பலகையைத் தூக்கிப் பாருங்கள் என்றார் கிக்குயோ. மேசைக் காலைக் கழற்ற வேண்டும், அது நாற்பத்தேழாவது அம்சம், அதற்கு டிக் போட்டாயிற்று என்றார் குரோகி.

அவர் வெளியே போய்ச் சுக்கானோடு பேசிக்கொண்டிருந்தபோது, கிக்குயோ தானே மேசைக் காலைக் கழற்றிப் பலகையைத் தூக்கினார். பள்ளத்தில் ஒரு சாண் தண்ணீர். பக்கத்தில் மீன்பிடிப் படகு ஒன்றின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் ஹமாசாக்கியைக் கூப்பிட்டார். ஹமாசாக்கி வந்து, பாட்டிலைத் திறந்து குடிப்பவர் மாதிரி யோசிக்காமல் விரலை விட்டு நக்கிப் பார்த்துத் துப்பினார்.

"உப்பு. இது மழைத் தண்ணி இல்லக்கா. டொக்குனு சத்தம் வேற வந்துச்சுங்கிறீங்க. கிரேன்ல தூக்கிப் பாத்தாத்தான் நல்லது."

குரோகி தலையை உள்ளே நீட்டினார். ஐந்து மணி நேரம் அலை மேலே அடித்தது, வாசல் வழியாக உள்ளே வந்திருக்கும், கடல் தண்ணீர் உப்பாக இல்லாமல் சர்க்கரையாகவா இருக்கும் என்று கேட்டுவிட்டு, ஹமாசாக்கியைப் பிடித்து உட்காரவைத்து, சோதனை என்றால் என்ன, பதற்றம் என்றால் என்ன, இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று நாற்பது நிமிஷம் விளக்கி, முடிவில் மஞ்சள் கையேட்டில் ஒரு பிரதியும் கொடுத்தார். ஊருக்கு உபதேசம் செய்கிறவருக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், கிடைத்துவிட்டால் விடமாட்டார். ஹமாசாக்கி நல்ல மனுஷன், கையேட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய், எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டுகிற இடத்தில் வைத்தார்.

போகிறபோது கிக்குயோவிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். "தொடச்சு காயவிட்டுட்டு, போல்ட்டைச் சுத்திப் பழைய பேப்பர் போட்டு வைங்கக்கா. துறைக்குள்ள அலை கிடையாது. காலையில பேப்பர் காஞ்சு கிடந்தா அவர் சொன்னது சரி."

கிக்குயோ அப்படியே செய்தார். சனிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தார். பேப்பர் ஊறிக் கூழாகக் கிடந்தது. ஏழில் மூன்று போல்ட்டைச் சுற்றித் துருவேறிய பழுப்பு வட்டம். அந்தப் பேப்பரை அப்படியே தட்டில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். குரோகி தொப்பிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தார்.

"பனி" என்றார்.

"பனி பழுப்பாவா இருக்கும்?"

"பழைய பேப்பர்தானே."

கிக்குயோவுக்கு அந்தத் தட்டை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. இவரை நம்பி மகள் வயிற்றுப் பிள்ளையோடு வருகிறாளே என்று அழுகையும் வந்தது. மூன்று நாளாக எத்தனை விதமாய்ச் சொல்லியாயிற்று? அன்பாகச் சொன்னார், கோபமாகச் சொன்னார், மெக்கானிக்கை வைத்துச் சொன்னார், பேப்பரை வைத்துச் சொன்னார். செவிடன் காதில் ஊதின சங்காவது, ஊதினவர் காதுக்குக் கேட்டிருக்கும். சிஹாருவுக்குப் போன் செய்து வராதே என்று சொல்லலாம் என்றால், அவர்கள் ஏற்கெனவே ரயிலில் ஏறிவிட்டார்கள். படகில் ஏறாதே என்று துறையில் வைத்துச் சொன்னால், சம்பந்தியம்மா முன்னால் அப்பா கை நீட்டி 'சரி' சொல்லும்போது அம்மா பேச்சு எடுபடுமா?

ஏழரைக்கு வந்தார்கள். சிஹாரு சற்றே மேடிட்ட வயிற்றோடு, சம்பந்தியம்மா கட்டுச்சோற்று மூட்டையோடும், துணியில் சுற்றிய வயிற்றுப் பட்டையோடும். குரோகிக்கு அவர்களை ஏற்றுவதற்கு முன் புறப்பாட்டுச் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. பார்ப்பதற்கு ஆள் வந்துவிட்டதல்லவா, நூற்றெட்டையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். குரல் அக்கரைக்குக் கேட்டது. சம்பந்தியம்மா கையைக் கூப்பாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கவனமான மனுஷரை நான் பார்த்ததேயில்லை, உங்கப்பா இருக்கும்போது என்ன பயம் என்று மருமகளிடம் சொன்னது துறையில் நின்ற எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. குரோகியின் முழங்கை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று சம்பந்தியம்மா படம் எடுத்தார்.

அறுபத்தொன்று. "தரைப்பலகை, சரி." இந்த முறை உள்ளே இறங்கக்கூட இல்லை, மேல்தளத்திலிருந்தே சுட்டினார்; விரல் அதே இடத்தில் நிற்க, அறுபத்திரண்டுக்கு வாய் திறந்தது.

அதற்குள் கிக்குயோ துறையின் விளிம்புக்கு வந்து, குதிகால் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினார். முழங்கை மடங்கவில்லை. சுண்டுவிரல் தளரவில்லை. குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"அடி போல்ட், சரியில்லை."

குரோகி அப்படியே நின்றுவிட்டார். மஞ்சள் கையேடு, நான்காம் விதி: முறைப்படி கை நீட்டி ஒருவர் 'சரியில்லை' என்று கூறிவிட்டால், அவர் யாராயினும், காரணம் கேட்காமல் எல்லா வேலையும் உடனே நிற்க வேண்டும். எழுதினவர் அவரேதான். முப்பத்தொரு வருஷத்தில் அவர் முன்னால் அதை யாரும் செய்ததில்லை. வீட்டில் இருநூறு பிரதி இருந்தால், அடுக்கி வைக்கிறவளும் ஒரு நாள் படித்துத்தானே இருப்பாள்?

இப்போது நடந்ததைக் கவனியுங்கள். பெண்டாட்டி சொன்னது மூன்று நாளாக அவர் காதில் ஏறவில்லை. அதே பெண்டாட்டி அதே விஷயத்தைக் கையை நீட்டிச் சொன்னதும், வாயை மூடி, கையை மெதுவாக இறக்கி, பென்சிலை அட்டையில் செருகினார்.

"நிறுத்தம்" என்று அறிவித்தார். பிறகு சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, ஒருவர் விட்டால் இன்னொருவர் பிடிக்கிற மாதிரி நான் வகுத்திருக்கிற ஏற்பாடு இதுதான் என்று பெருமையோடு விளக்க ஆரம்பித்தார். கிக்குயோ அதைக் கேட்க நிற்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தியம்மாவையும் அழைத்துக்கொண்டு ஃபெர்ரி டிக்கெட் வாங்கப் போனார். என்னம்மா என்று சிஹாரு கேட்டாள். ஃபெர்ரி புறப்பட்டுத் துறை மறைந்ததும் கிக்குயோ எல்லாவற்றையும் சொன்னார்.

பத்து மணிக்கு யூனாகியைக் கிரேன் தூக்கித் தாங்குகட்டையில் வைத்தது. நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றோம். அடி இரும்புக்கும் படகு வயிற்றுக்கும் நடுவே ஓர் இடைவெளி, ஒரு விரல் நுழையலாம். ஹமாசாக்கி உள்ளே போய் மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். திருகக்கூட இல்லை, வைத்ததும் தலை கையோடு வந்துவிட்டது. துரு தின்று நடுவில் பென்சில் கனம்தான் இருந்தது. ஐந்தாவதும் அப்படி. ஆறாவதும் அப்படி. மூன்றையும் கொண்டுவந்து குரோகியின் வெள்ளைக் கையுறையில் வைத்தார்.

"நாலே நாலு போல்ட்டுல தொங்கிட்டிருந்திருக்கு, குரோகி சான். இன்னொரு பெரிய அலை அடிச்சிருந்தா போதும். உங்க வீட்டம்மாவுக்கு நீங்க கோயில் கட்டணும்."

குரோகி வெகுநேரம் அந்த மூன்று துண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. மனுஷனுக்கு உறைத்துவிட்டது, இனி மாறிவிடுவார் என்று எங்களுக்கே ஒரு நிமிஷம் இரக்கம் வந்தது. அப்புறம் அவர் துண்டுகளைத் தரையில் வரிசையாக வைத்தார். இரண்டடி பின்னால் போனார். கையை நீட்டினார்.

"போல்ட் மூன்று, சரியில்லை." டிக்.

பட்டியலின் கடைசியில் நூற்றொன்பதாவதாக 'சத்தம்' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அன்று சாயங்காலம் படகுச் சங்கத்தில் அவர் பேச்சு. முறையான சோதனையால் ஐந்து உயிர்கள் தப்பிய விதம் என்பது தலைப்பு. வயிற்றில் இருந்ததையும் சேர்த்து எண்ணியிருந்தார். கை தட்டினார்கள். கிக்குயோ பெயர் வந்ததா என்று கேட்கிறீர்களா? 'ஒரு பணியாளர்' என்று வந்தது.

கிக்குயோ அன்று கோயிலிலிருந்து துறைக்குத் திரும்பினார், வீட்டுக்குப் போய் ஒரு பை எடுத்துக்கொண்டார், குழந்தை பிறக்கும்வரை மகளோடு இருக்கப்போவதாக ஒரு சீட்டு எழுதிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு ரயில் ஏறினார். குரோகி வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் கேஸ் குழாயைச் சுட்டி 'சரி' சொன்னார், மேசையைச் சுட்டி 'சரி' சொன்னார், சமையலறைப் பக்கம் கையை நீட்டி "கிக்குயோ, சரி" சொல்லிவிட்டுப் படுத்தார். மறுநாளும் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் சோறு இல்லையே என்று துறைக்கு வந்து, என் வீட்டுக்காரியைப் பார்த்தீர்களா என்று எங்களைக் கேட்டார். கையுறை போட்டிருந்தார்.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. படகே இல்லாத ஊரில் இருக்கிறீர்கள், உங்களுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம், வாஸ்தவம்தான். நீங்கள் நிதானமான ஆள். இன்று காலை கிளம்பும்போது கேஸைத் தொட்டுப் பார்த்தீர்கள், பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தீர்கள், வீட்டில் இருந்தவரைப் பார்த்து "வரட்டுமா, எல்லாம் சரிதானே?" என்றும் மறக்காமல் கேட்டீர்கள். எல்லாம் செய்தீர்கள். அதற்கு அவர் என்ன பதில் சொன்னார்?